ஆயிற்றும் ஆல்ரெடியும்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பேச்சில் ஓர் ஆங்கில வினையடை

1. ஆய்வுப் பொருள்

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் வளர்ந்த தமிழர்கள் பேசும் ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி' என்னும் வினையடைக்குத் தனி இடம் உண்டு. 'ஐ ஈட் ஆல்ரெடி', 'ஹீ கோ பேக் ஆல்ரெடி', 'ரெயின் ஆல்ரெடி', 'டென் இயர்ஸ் ஆல்ரெடி' ஆகியவை அங்கே அன்றாடம் காதில் விழும் வாக்கியங்கள். இவற்றில் வினைச்சொல் உருமாறுவதில்லை. செயல் முடிந்தது என்ற செய்தி முழுவதையும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லே தாங்கி நிற்கிறது.

அதே மனிதர் தமிழில் பேசும்போதும் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார். ஆனால் 'நான் ஆல்ரெடி சொல்லிட்டேனே' என்கிறார். இங்கே சொல் வினைக்கு முன்னால் வந்துவிட்டது. செயல் முடிந்ததைச் சொல்லும் பொறுப்பு 'சொல்லிட்டேன்' என்ற வினையிடம் இருக்கிறது. 'முன்பே' என்ற பொருளை மட்டும் ஆல்ரெடி தருகிறது.

ஒருவர் வாயில் வழங்கும் ஒரே சொல் மொழிக்கு மொழி இடமும் வேலையும் மாறுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஒவ்வொரு மொழியின் வாக்கியத்திலும் எந்த இலக்கண இடம் நிரம்பாமல் இருக்கிறதோ அந்த இடத்தை இச்சொல் நிரப்புகிறது என்பது இங்கே முன்வைக்கப்படும் விடை. பள்ளியில் பிழை என்று அடிக்கப்படும் இந்த வழக்குக்குள் தமிழ், மலாய், சீன மொழிகளின் இலக்கணங்கள் கூடி இயங்குகின்றன. அந்த இயக்கத்தை விளக்குவதும், தமிழ்ப்பள்ளி மாணவருக்கு அதை ஒரு கற்றல் வழியாக மாற்றுவதும் கட்டுரையின் நோக்கங்கள்.

எடுத்துக்காட்டாக வரும் வாக்கியங்கள் எந்தத் தனி மனிதரின் பேச்சும் அல்ல. அந்த வட்டாரத்தில் பொதுவாக வழங்கும் வடிவங்கள் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

2. களம்

2.1 தோட்டமும் மக்களும்

நெகிரி செம்பிலான் 1896இல் பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு சேர்ந்து கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் ஒன்றானது. அதற்கு முன்பே சுங்கை ஊஜோங், லிங்கி வட்டாரங்களில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இரயில் பாதை 1891இல் திறக்கப்பட்டது. காப்பி போய் ரப்பர் வந்தபோது லிங்கி, லாபு, ரந்தாவ், சிலியாவ், தம்பின், பகாவ் என்று மாநிலமெங்கும் பால்மரக் காடுகள் பரவின. கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து கூலிகள் வந்து லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். இந்த உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அதன்பின் தோட்டத் தமிழ்ச் சமூகம் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் சமூகமாக மாறியது.

தோட்டத்தைச் சுற்றிப் பிற மொழிகள் இருந்தன. கம்பத்து மலாய்க்காரர்கள் மினாங்கபாவ் மரபில் வந்த நெகிரி மலாய் பேசினார்கள். சிரம்பான் கடைத்தெருவிலும் சிறு பட்டணங்களிலும் கண்டோனியமும் ஹக்காவும் ஒலித்தன. தோட்டத் தமிழருக்கும் சீனக் கடைக்காரருக்கும் மலாய் லாரி ஓட்டுநருக்கும் பொது மொழியாக இருந்தது பாசார் மலாய்.

2.2 ஆங்கிலம் வந்த வழிகள்

தோட்டத்துக்குள் ஆங்கிலம் மேலிருந்து கீழே இறங்கியது. துரையின் மொழி ஆங்கிலம். ஆபீஸ் கிராணியும் ஆஸ்பத்திரி டிரெசரும் ஆங்கிலம் அறிந்தவர்கள். அவர்களில் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் மிகுதி. கிராணி சொன்னதை மேற்பார்வையாளரான தண்டல் கேட்டார். தண்டல் சொன்னதைப் பால்வெட்டுத் தொழிலாளி கேட்டார். ஆங்கிலச் சொற்கள் இந்தப் படிகளில் காதுவழியாக வந்தன. காலையில் ஆள் எண்ணும் 'பெரட்டு', 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் தோட்டத்து உருவம்.

பள்ளி வழியும் ஒன்று இருந்தது. பள்ளி வயதுக் குழந்தைகள் 10 பேர் உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படிப் பிறந்தவையே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள். இன்றும் மாநிலத்தில் 60க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சுவா பெத்தோங், ஜெரம் பாடாங், கொம்போக், கெடெஸ் எனப் பல பள்ளிகளின் பெயரில் தோட்டத்தின் பெயர் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆங்கிலவழிக் கல்வி சிரம்பான் செயின்ட் பால் போன்ற பட்டணத்துப் பள்ளிகளில் கிடைத்தது. லயத்துப் பிள்ளைகளில் சிலருக்கே அது எட்டியது.

1970 முதல் ஆங்கிலவழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. தமிழ்ப்பள்ளி முடித்த பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மலாய் பயின்று இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தார்கள். இந்தத் தலைமுறைக்கு ஆங்கிலம் ஒரு பாடம். பாட நேரம் முடிந்தபின் அதைத் தமிழும் மலாயும் பேசும் நண்பர்களோடுதான் பேச முடிந்தது. இக்கட்டுரை ஆராயும் வழக்கு நிலைபெற இதுவே முக்கியச் சூழல்.

2.3 வேலையின் அடிப்படைக் கேள்வி

தோட்ட வேலை நேரத்தோடு கட்டப்பட்டது. விடியுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போது வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். வடிந்த பாலை, மங்கு எனப்படும் கிண்ணத்தில் உறையுமுன் எடுத்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மழை பிடித்தால் அன்றைய வெட்டு போயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் இந்த அவசரம் குறையவில்லை. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறித் தரம் கெடும்.

எனவே தோட்டத்தில் ஒருவர் இன்னொருவரிடம் மிக அதிகமாகக் கேட்கும் கேள்வி 'முடிந்ததா, இல்லையா' என்பதுதான். வெட்டியாச்சா, எடுத்தாச்சா, நிறுத்தாச்சா, ஏத்தியாச்சா என்று நாள் முழுவதும் அதே கேள்வி வடிவம் மாறி வருகிறது. மலாய்க்காரரிடமும் இந்தோனேசியத் தொழிலாளியிடமும் இதையே 'சுடா' என்ற சொல்லால் கேட்கிறார்கள். மூன்று மொழிகள் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒத்துப்போவது அன்றாடம் தேவைப்படும் இலக்கணம்தான். தோட்டத்தில் அந்த இலக்கணம் செயலின் நிறைவைச் சொல்லும் இலக்கணமாக இருந்தது.

3. ஆங்கில மரபில் 'ஆல்ரெடி'

இச்சொல் 'ஆல்', 'ரெடி' என்ற இரண்டும் சேர்ந்து பிறந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் இதற்கு 'முழுதும் ஆயத்தமாக' என்று பொருள். ஆயத்தமாக இருப்பது குறித்த நேரத்துக்கு முன்பே நிகழ்வது என்ற வழியில் 'முன்பே', 'ஏற்கெனவே' என்ற இன்றைய பொருள் வந்தது.

பிரிட்டிஷ் தரநிலை ஆங்கிலத்தில் இச்சொல் தனியாகச் செயல் நிறைவைக் காட்டுவதில்லை. நிறைவைக் காட்டுவது 'ஹேவ்' என்ற துணைவினையும் அதையடுத்து வரும் வினையெச்ச வடிவமும். 'ஐ ஹேவ் ஈட்டன்' என்றாலே சாப்பிட்டாயிற்று என்ற பொருள் கிடைத்துவிடும். 'ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்' என்றால் நீங்கள் நினைத்ததற்கு முன்பே என்ற அழுத்தம் கூடுகிறது. அதைக் கடைசியில் வைத்து 'ஐ ஹேவ் ஈட்டன் ஆல்ரெடி' என்பதும் சரியான ஆங்கிலமே. அமெரிக்கர்கள் 'ஹேவ்' இல்லாமல் 'ஐ எய்ட் ஆல்ரெடி' என்றும் பேசுகிறார்கள்.

புலம்பெயர்ந்தோரின் தாய்மொழி இச்சொல்லை வளைப்பதும் புதிதல்ல. 'இனஃப் ஆல்ரெடி' என்று அமெரிக்கர்கள் பொறுமையிழந்து சொல்வது, நியூயார்க் யூதர்களின் இத்திஷ் மொழியில் உள்ள 'ஷொய்ன்' என்ற சொல்லின் தாக்கம். அங்கே ஐரோப்பியக் குடியேறிகளிடம் நடந்தது மலேசியாவில் வேறு மொழிகளின் வழியாக, இன்னும் ஆழமாக நடந்திருக்கிறது.

4. தமிழ் வினை நிறைவைக் காட்டும் முறை

தோட்டத் தமிழர் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த இலக்கணம் எது என்று தெரிந்தால்தான் மேலே செல்ல முடியும். தமிழில் இதற்கு மூன்று கருவிகள் உள்ளன.

4.1 'விடு' என்னும் துணைவினை. வந்துவிட்டான், விழுந்துவிட்டது, மறந்துவிட்டேன் ஆகியவை பேச்சில் வந்துட்டான், விழுந்துருச்சு, மறந்துட்டேன் என்று நிற்கும். மனிதர் எண்ணிச் செய்ததற்கும் தானாக நேர்ந்ததற்கும் இது பொது.

4.2 'ஆயிற்று' என்னும் முற்று. சாப்பிட்டாச்சு, வெட்டியாச்சு, எழுதியாச்சு. செய்ய வேண்டியிருந்த, எதிர்பார்த்திருந்த செயல் முடிந்தது என்பதை இது சொல்லும். தவறி விழுந்தவனை 'விழுந்தாச்சு' என்று இயல்பாகச் சொல்லமாட்டோம். விழ வேண்டும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய ஹெரால்ட் ஷிஃப்மன் இந்த எதிர்பார்ப்புக் கூறை விளக்கியிருக்கிறார். நேரம், வயது, கால அளவு ஆகியவற்றோடும் 'ஆயிற்று' வரும்: மணி அஞ்சாச்சு, பத்து வருஷம் ஆச்சு.

4.3 ஏகார இடைச்சொல். அப்பவே, நேத்தே, முந்தியே. செயல் நினைத்ததைவிட முன்னதாக நடந்தது என்பதை இது தரும். 'ஏற்கெனவே' என்ற சொல்லுக்குள்ளும் இதே ஏகாரம் இருக்கிறது.

முதல் இரண்டும் நிறைவைச் சொல்கின்றன. மூன்றாவது முன்மையைச் சொல்கிறது. நிறைவு வினையோடு ஒட்டி வாக்கியத்தின் முடிவில் நிற்கிறது. முன்மை வினைக்கு முன்னால் நிற்கிறது. இந்தப் பிரிவினையே பின்வரும் பகுப்பாய்வின் அடிப்படை.

4.4 தொல்காப்பியத்தின் சான்று. நிறைவு வடிவம் உண்மையில் முடிந்த செயலை மட்டும் குறிப்பதில்லை. எதிர்காலச் செயலையும் நிகழ்காலச் செயலையும் விரைவு தோன்ற இறந்தகாலத்தால் சொல்வதுண்டு என்று தொல்காப்பிய வினையியல் விதிக்கிறது. உரையாசிரியர்கள் காட்டும் சூழல் நம் வீட்டு வாசலில் இன்றும் நடப்பது. இன்னும் உண்ணாத ஒருவனை உடன்போக வேண்டியவன் வெளியே நின்று 'இன்னும் சாப்பிடவில்லையா' என்று அவசரப்படுத்துகிறான். உள்ளே இருப்பவன் சாப்பிட்டுவிட்டேன், வந்துவிட்டேன் என்ற பொருளில் விடை சொல்கிறான். இலையில் சோறு இருக்கும்போதே வரும் விடை இது. இன்னும், ஆயிற்று என்ற எதிரிணை தமிழில் எவ்வளவு பழையது என்பதை இந்த உரைப்பகுதி காட்டுகிறது. 'இதோ வந்துட்டேன்' என்று நாம் சொல்லும்போது அதே இலக்கணம் இயங்குகிறது.

5. தோட்டப்புற ஆங்கிலத்தில் ஐந்து பயன்பாடுகள்

5.1 செயல் நிறைவு

'ஐ ஈட் ஆல்ரெடி', 'த லாரி கோ ஆல்ரெடி', 'ஐ டெல் ஹிம் ஆல்ரெடி'. நேர்த்தமிழ்: சாப்பிட்டாச்சு, லாரி போயிருச்சு, அவருகிட்ட சொல்லியாச்சு. ஆங்கில வினையில் கால உருபு இல்லை. தமிழில் 'ஆச்சு', 'ட்டு' நிற்கும் கடைசி இடத்தில் ஆல்ரெடி நிற்கிறது. ஐந்து பயன்பாடுகளில் மிகப் பரவலானது இது.

5.2 புதுநிலைத் தொடக்கம்

'ரெயின் ஆல்ரெடி' என்றால் மழை பெய்து ஓய்ந்துவிட்டது என்று பொருளல்ல, மழை பிடித்துவிட்டது. 'மை சன் ஒர்க்கிங் ஆல்ரெடி' என்றால் மகன் வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டான். ஒரு நிலை முடிந்து இன்னொரு நிலை பிறந்ததை இது காட்டுகிறது. தமிழில் இதற்கு 'மழை வந்துருச்சு', 'பையன் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான்' என்று 'விடு'தான் வரும். 'மழை பெஞ்சாச்சு' இயல்பாக வராது. தமிழில் 'விடு'வும் 'ஆயிற்று'ம் பகிர்ந்துகொள்ளும் வேலை ஆங்கிலத்தில் ஆல்ரெடி என்ற ஒரே சொல்லிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

5.3 அளவு எட்டுதல்

'ஃபைவ் ஓ கிளாக் ஆல்ரெடி', 'ஐ ஸ்டே ஹியர் டென் இயர்ஸ் ஆல்ரெடி', 'ஷீ பிக் கேர்ள் ஆல்ரெடி'. மணி அஞ்சாச்சு, இங்க வந்து பத்து வருஷம் ஆச்சு, அவ பெரிய பொண்ணா ஆயிட்டா. தமிழில் 'ஆச்சு' இங்கே முழு வினையாக நின்று வாக்கியத்தை முடிக்கிறது. அதனால் ஆங்கிலத்தில் வேறு வினையே இல்லாமல் ஆல்ரெடி வாக்கியத்தை முடிக்கிறது. வினையடை வினையின் இடத்தையே எடுத்துக்கொண்ட நிலை இது.

5.4 உடனடிச் செயல்

வாசலில் நின்று விடைபெறும்போது 'ஓகே, ஐ கோ ஆல்ரெடி' என்கிறார்கள். கால் இன்னும் நகரவில்லை. 'கிளம்பிட்டேன்' என்பதன் நேர்நிழல் இது. 4.4இல் கண்ட விரைவுப் பொருள் இங்கே ஆங்கிலச் சொல்லில் ஏறியிருக்கிறது.

5.5 வினாவும் விடையும்

தோட்டத்தில் காலை விசாரிப்பு 'பசியாறியாச்சா?' என்பது. பசியாறுதல் என்ற அழகிய சொல் மலேசியத் தமிழில் காலை உணவுக்குரிய அன்றாடச் சொல்லாக நிலைத்திருக்கிறது. விடை 'ஆச்சு' அல்லது 'இன்னும் இல்ல'. மலாயில் 'சுடா மாக்கான்?' விடை 'சுடா' அல்லது 'பெலும்'. ஆங்கிலத்தில் 'ஈட் ஆல்ரெடி?' விடை 'ஆல்ரெடி' அல்லது 'நாட் யெட்'. மூன்று மொழிகளின் கேள்வியும் இரண்டு விடைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன.

'ஆல்ரெடி' என்ற ஒற்றைச் சொல்லை முழு விடையாகச் சொல்வது தரநிலை ஆங்கிலத்தில் இல்லை. 'ஆச்சு', 'சுடா' இரண்டும் தனித்து நின்று விடையாகக்கூடிய சொற்கள். அந்தத் தகுதியை ஆல்ரெடியும் பெற்றிருப்பது, அது வினையடை என்ற நிலையைக் கடந்து நிறைவுக் குறியாகிவிட்டதற்கு வலுவான சான்று.

6. மூலம் எது? மூன்று சோதனைகள்

மேற்கண்ட ஒப்புமைகளை மட்டும் பார்த்து இவ்வழக்கு தமிழிலிருந்து வந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஜான் பிளாட்டும் ஹைடி வெபரும் 1980இல் வெளியிட்ட சிங்கப்பூர், மலேசிய ஆங்கிலம் பற்றிய நூல் இதை எல்லா இனத்தாரின் பேச்சுக்கும் உரியதாகக் காட்டியது. சிங்கப்பூர் மொழியியலாளர் பாவ் ஸிமிங் 2005இல் எழுதிய ஆய்வில் சீன மொழியின் 'ல' என்ற நிறைவுக்குறியோடு ஆல்ரெடியைப் பொருத்தினார். தாய்மொழியின் இலக்கண அமைப்பு இடம்பெயர்கிறது என்றும், இடம்பெயர்ந்ததில் ஆங்கிலம் ஏற்கக்கூடியதே நிலைக்கிறது என்றும் அவர் விளக்கினார். தோட்டப்புற வழக்கில் தமிழின் பங்கு எவ்வளவு என்பதை அறிய மூன்று சோதனைகள் உதவும்.

6.1 இடச் சோதனை

மலாயில் 'சுடா' பெரும்பாலும் வினைக்கு முன் வரும். தமிழில் 'ஆச்சு' கடைசியில் வரும். சீன மொழிகளின் வாக்கிய நிறைவுக்குறியும் கடைசியில் வரும். தோட்டப்புற ஆங்கிலத்தில் ஆல்ரெடி கடைசியில் நிற்கிறது. கடைசி இடத்துக்கு ஆங்கில இலக்கணத்தின் இசைவும் இருக்கிறது. தமிழும் சீனமும் இழுத்த திசைக்கு ஆங்கிலம் வழிவிட்டது என்று இதிலிருந்து கொள்ளலாம்.

6.2 எதிர்மறைச் சோதனை

'ஹீ டோன்ட் ஒர்க் ஹியர் ஆல்ரெடி' என்ற வாக்கியத்துக்கு அவர் இப்போது இங்கே வேலை செய்வதில்லை, முன்பு செய்தார் என்று பொருள். 'டோன்ட் வான்ட் ஆல்ரெடி' என்றால் முன்பு வேண்டியிருந்தது, இனி வேண்டாம். தமிழின் 'ஆச்சு' எதிர்மறை முற்றோடு நேரே சேராது. 'அவரு இப்ப இங்க வேலை செய்யறதில்ல' என்றுதான் சொல்ல முடியும். மலாயில் 'டா தாக் கெர்ஜா சினி' ('டா' என்பது 'சுடா'வின் குறுக்கம்) என்று நிறைவுக்குறியும் எதிர்மறையும் இயல்பாகச் சேர்கின்றன. சீனத்திலும் அப்படியே. தோட்டத் தமிழரும் இந்த எதிர்மறை வாக்கியத்தைத் தடையின்றிப் பேசுகிறார்கள். எனவே இந்தப் பகுதி தமிழிலிருந்து வரவில்லை. அண்டை மொழிகளிலிருந்து வந்தது.

6.3 தாயகச் சோதனை

தமிழ் இலக்கணம் மட்டுமே காரணம் என்றால் தமிழ்நாட்டு ஆங்கிலத்திலும் 'ஐ ஈட் ஆல்ரெடி' வேரூன்றியிருக்க வேண்டும். அங்கே அது பொதுவழக்காகவில்லை. தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் தமிழின் தடம் வேறு இடங்களில் பதிந்திருக்கிறது. 'எஸ்டர்டே ஒன்லி ஹீ கேம்' என்பதில் 'நேத்துதான்' என்பதன் தானும், 'ஹியர் இட்செல்ஃப்' என்பதில் 'இங்கேயே' என்பதன் ஏகாரமும் தெரிகின்றன. இத்தகைய வழக்குகள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் வலுவாலேயே நிலைத்தன. ஆல்ரெடிக்கு அந்த வலு மட்டும் போதவில்லை. மலாய் மண்ணும் சீனக் கடைத்தெருவும் தேவைப்பட்டன.

6.4 தொகுப்பு

மூன்று சோதனைகளும் சேர்ந்து சொல்வது இது. தமிழ், மலாய், சீனம் ஆகிய மூன்றிலும் நிறைவுக்கு எளிதில் கேட்கக்கூடிய தனிக்குறி உண்டு. மூன்று மொழியினரும் ஆங்கிலத்தில் ஒருவரோடொருவர் பேச நேர்ந்தபோது அந்தக் குறிக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. 'ஹேவ்' பேச்சில் மெலிந்து 'வ்' என்ற ஒலியாகத் தேய்ந்துவிடுவதால் காதுவழி கற்பவருக்கு அது பிடிபடுவதில்லை. ஆல்ரெடி நீண்ட, தெளிவான சொல். அதைப் பற்றிக்கொண்டார்கள். தென்கிழக்கு ஆசியா முழுவதும் இந்த இலக்கணக் கூறு பரவியிருப்பதும் இதற்குத் துணைசெய்தது. தாய் மொழியின் 'லேவ்', வியட்நாமியத்தின் 'ரோய்' ஆகியவையும் இவ்வகையே. சுவீடன் மொழியியலாளர் ஊஸ்தென் டால் 'ஏற்கெனவே' என்று பொருள்படும் 'யாம்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து இவ்வகைக் குறிகளுக்கு 'யாமிட்டிவ்' என்று பெயரிட்டார். தமிழில் இதை 'ஆயிற்றுக்குறி' என்று வழங்கலாம் என்பது இக்கட்டுரையின் பரிந்துரை.

7. தமிழ் வாக்கியத்துக்குள் 'ஆல்ரெடி'

இச்சொல் தமிழ் வாக்கியத்துக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதே இந்த ஆய்வின் மையம்.

'ஆல்ரெடி சாப்பிட்டாச்சு', 'அவன் ஆல்ரெடி வந்துட்டான்', 'ஆல்ரெடி சம்பளம் போட்டுட்டாங்க'. இவை அனைத்திலும் வினை தன் நிறைவுக்குறியோடு முழுமையாக இருக்கிறது. ஆல்ரெடி வினைக்கு முன் நிற்கிறது. அதை எடுத்துவிட்டு 'முந்தியே', 'அப்பவே' என்று வைத்தால் பொருள் மாறாது. நிறைவுக்குறியை எடுத்துவிட்டு ஆல்ரெடியை அதன் இடத்தில் வைத்து 'அவன் வா ஆல்ரெடி' என்று எந்தத் தோட்டத்திலும் எவரும் பேசுவதில்லை.

காரணம் பகுதி 4இல் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் நிறைவுக்குரிய இடம் நிரம்பியிருக்கிறது. 'விடு'வும் 'ஆயிற்று'ம் அதை விட்டுத்தருவதில்லை. முன்மைக்குரிய இடமோ விருப்பத்துக்கேற்ப நிரப்பத்தக்கது. அதனால் ஆல்ரெடி அங்கே அமர்ந்து, ஆங்கிலத்தில் தனக்கு உரிய 'ஏற்கெனவே' என்ற பொருளோடு இயங்குகிறது. தோட்டப்புற ஆங்கில வாக்கியத்தில் நிலைமை நேர்மாறு. 'ஹேவ்' கைக்கு வராததால் நிறைவிடம் காலியாக இருக்கிறது. ஆல்ரெடி அதை நிரப்புகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, கடன் வாங்கிய சொல் தமிழ் வினையின் உள்ளமைப்பைத் தொடவில்லை. தோட்டத் தமிழில் ஆங்கிலமும் மலாயும் கலந்திருப்பதைக் கேட்டு மொழி சிதைந்துவிட்டது என்று வருந்துவோர் உண்டு. பெயர்ச்சொற்கள் எவ்வளவு கலந்தாலும் வினையின் இறுதி தமிழாகவே நிற்கிறது என்பதற்கு இச்சொல் நல்ல சான்று. இரண்டாவது, இதே பேச்சாளர் தமிழுக்குள் ஆல்ரெடியை அதன் சரியான ஆங்கிலப் பொருளில் கையாளுகிறார். எனவே ஆங்கில வாக்கியத்தில் அவர் செய்வது சொல்லின் பொருள் தெரியாமையால் அல்ல. 'ஹேவ்' என்னும் கருவி கிடைக்காத இடத்தில் கிடைத்த சொல்லைக் கருவியாக்கிக்கொண்ட அறிவால்.

8. வகுப்பறைக்கு

தோட்டங்கள் இன்று வேகமாக மாறிவிட்டன. செண்டாயான், நீலாய் வட்டாரங்களில் பால்மரமும் செம்பனையும் நின்ற நிலத்தில் புதுநகரங்கள் எழுந்துள்ளன. லயத்துக் குடும்பங்கள் தாமான் எனப்படும் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. பிள்ளைகள் செனவாங் தொழிற்பேட்டையிலும் அலுவலகங்களிலும் வேலை தேடுகிறார்கள். நேர்காணலில் 'ஐ சப்மிட் ஆல்ரெடி' என்ற ஒரு வாக்கியம் அந்தப் பிள்ளையின் அறிவையே குறைத்து மதிப்பிட வைக்கிறது. தரநிலை ஆங்கிலம் அவர்களுக்கு வேண்டும். அதை அவமானப்படுத்திக் கற்பிக்க வேண்டியதில்லை.

8.1 தொடக்கம் தமிழில் இருக்கட்டும். 'சாப்பிட்டேன்', 'சாப்பிட்டாச்சு' இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 'சாப்பிட்டேன்' நடந்ததைச் சொல்கிறது. 'சாப்பிட்டாச்சு' இப்போதுள்ள நிலையைச் சொல்கிறது. 'ஐ எய்ட்', 'ஐ ஹேவ் ஈட்டன்' என்பவற்றின் வேறுபாட்டுக்கு இதுவே நல்ல வாயில். இதைப் பற்றித் தாய்மொழியில் பேச முடியும் என்பது தமிழ்ப்பள்ளிக்கு உள்ள தனி வசதி.

8.2 அடுத்து, 'ஆச்சு' என்ற இடத்தில் 'ஹேவ்' வைக்கப் பழக்க வேண்டும். 'ஐ ஃபினிஷ் ஆல்ரெடி' என்று சொல்லும் மாணவரிடம் ஆல்ரெடியைப் பறிக்க வேண்டாம். 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் ஆல்ரெடி' என்று முன்னால் ஒரு சொல்லையும் வினையில் ஓர் உருபையும் சேர்க்கச் சொன்னால் போதும். அது தரநிலை ஆங்கிலம். மாணவர் தன் பேச்சில் எதையும் இழக்காமல் ஒரு கருவியைப் பெறுகிறார்.

8.3 ஓர் எச்சரிக்கையும் தேவை. தமிழில் 'நேத்தே பார்த்தாச்சு' என்று கடந்த நாளையும் நிறைவையும் சேர்க்கலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' என்ற சொல்லோடு 'ஹேவ்' சேராது. இரண்டு இலக்கணங்களும் பிரியும் இந்த இடத்தைத் தனியே பயிற்ற வேண்டும். 'ரெயின் ஆல்ரெடி', 'டோன்ட் வான்ட் ஆல்ரெடி' ஆகியவற்றையும் தனித்தனியே எடுத்து, முன்னதற்கு 'இட் ஹேஸ் ஸ்டார்டட் ரெய்னிங்', பின்னதற்கு 'ஐ டோன்ட் வான்ட் இட் எனி மோர்' எனப் பொருளுக்கேற்ற வடிவத்தைத் தர வேண்டும். ஒரே சொல்லின் பல வேலைகளுக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது.

8.4 வழக்கின் இடத்தையும் சொல்லித்தர வேண்டும். நண்பரோடும் கடையிலும் 'ஈட் ஆல்ரெடி?' என்பது மூன்று இனத்தாரையும் ஒரே நொடியில் இணைக்கும் வாக்கியம். அதை ஒழிக்க முயல்வது வீண். தேர்வுத்தாளுக்கும் நேர்காணலுக்கும் வேறு வடிவம் உண்டு என்ற தெளிவு போதும். வீட்டில் 'வந்துட்டேன்' என்றும் கட்டுரையில் 'வந்துவிட்டேன்' என்றும் எழுதப் பழகிய தமிழ் மாணவருக்கு இந்த இரட்டை வழக்கு புதிதல்ல.

9. முடிவுகள்

ஒன்று: நெகிரி செம்பிலான் தோட்டப்புற ஆங்கிலத்தில் ஆல்ரெடி செயல் நிறைவு, புதுநிலைத் தொடக்கம், அளவு எட்டுதல், உடனடிச் செயல், தனித்து நிற்கும் விடை ஆகிய ஐந்து வகைகளில் ஆயிற்றுக்குறியாக இயங்குகிறது.

இரண்டு: இவ்வழக்குக்கு ஒற்றை மூலம் இல்லை. கடைசி இடத்தில் நிற்பதும் விரைவுப் பொருளும் தமிழோடு நெருங்கிப் பொருந்துகின்றன. எதிர்மறையோடு சேர்வது மலாயிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்தது. 'முடிந்ததா' என்ற கேள்வியை நாளெல்லாம் கேட்ட தோட்ட வேலை இந்தக் கூட்டுக்குக் களம் அமைத்தது.

மூன்று: தமிழ் வாக்கியத்துக்குள் இதே சொல் நிறைவிடத்தைத் தொடாமல் முன்மையிடத்தில் மட்டும் நிற்கிறது. தமிழ் வினையின் அமைப்பு புலம்பெயர்ந்த மண்ணிலும் உறுதியாக இருப்பதை இது காட்டுகிறது.

நான்கு: தோட்டத்துப் பிள்ளை 'ஐ ஈட் ஆல்ரெடி' என்று சொல்லும்போது அதில் ஓர் ஒழுங்கான இலக்கணம் இருக்கிறது. அந்த இலக்கணத்தை அறிந்த ஆசிரியரால் 'ஹேவ்' என்ற ஒரு சொல்லை அதில் எங்கே, எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று தமிழிலேயே விளக்க முடியும். தமிழ்ப்பள்ளிகளுக்கான ஆங்கிலப் பாடநூல்களில் தமிழ் வினையோடு ஒப்பிடும் ஒரு பகுதியைச் சேர்ப்பதும், ஆசிரியர் பயிற்சியில் இத்தகைய ஒப்பீட்டு இலக்கணத்துக்கு இடம் தருவதும் உடனே செய்யத்தக்க பணிகள்.